யந்திரத்துக்குப் பொட்டா? பரீட்சையா?

திருவாண்டார்கோயில் தொழிற்பேட்டைத் தோழர்களுக்கு ஆயுதபூஜையின் யோக்கியதையை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கூத்து ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறதே! நோயாளியின் தலைமாட்டு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாசலில் பூசணிக்காய். அதனால் அது காட்டும் இரத்த அழுத்தம் சரியாகிவிட்டதா என்று எவராவது கேட்டதுண்டா?

அன்றாவது தூசி துடைக்கிறார்களே என்பார் சிலர். துடைக்கட்டும்; தூசி துடைக்கச் சரஸ்வதி எதற்கு?

அளவு தவறாத பரீட்சைக் கருவியைக் குழாயில் கோத்து 120 கொடுத்தால், மானிட்டரும் 120-ஐ ஒட்டியே காட்டவேண்டும். 140 காட்டினால், கொதிப்பில்லாதவனுக்குக் கொதிப்பு மருந்துதான்! விரலில் மாட்டும் கருவியோ, 1974-ல் ஜப்பானியர் தக்குவோ அவோயாகி வெளியிட்ட முறைப்படி, சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் பாய்ச்சிப் பிராணவாயுவைக் கணக்கிடுவது. அதற்கு ராகுகாலம் தெரியாது. அழுக்குப் படிந்தால் தெரியும், கம்பி நைந்தால் தெரியும். அபாய மணி அடிக்கிறதா, மின்சாரம் நின்றால் பாட்டரி தாங்குகிறதா என்பதையும் மனிதன்தான் பார்க்கவேண்டும்.

2015-ல் மத்திய சர்க்கார் பராமரிப்புத் திட்டம் தொடங்கியபோது, பொது ஆஸ்பத்திரிக் கருவிகளில் மாநிலத்துக்கு மாநிலம் 100-க்கு 13 முதல் 34 வரை பழுதாய்க் கிடந்ததாகக் கணக்குச் சொல்லிற்று. அவையெல்லாம் ஆயுதபூஜையோ விசுவகர்மா பூஜையோ காணாதவையா?

கத்தரிக்காய் நிறுக்கும் மின்தராசுக்கு வருஷாவருஷம் சர்க்கார் முத்திரை வேண்டுமாம். உயிரை அளக்கும் கருவிக்குக் குங்குமமே போதுமாம்!

தோழர்களே! ஆஸ்பத்திரிக்குப் போனால், பரீட்சித்த தேதியும் அடுத்த தேதியும் எழுதிய சீட்டு மானிட்டரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேலதிகாரிக்கு எழுதுங்கள். பூஜைக்கு எவ்வளவு, பரீட்சைக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.