அன்று ‘டி’ என்றால் பெருமை... இன்று கோர்ட் கேஸ்! சிடி பெட்டியின் மூன்று எழுத்துக் கதை

முதலில் ஒரு சின்ன வேலை. பரணிலோ, டி.வி. ஸ்டாண்டு டிராயரிலோ பழைய மியூசிக் சிடி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். 80களிலும் 90களிலும் வெளிநாட்டில் அச்சான சிடியாக இருந்தால் ரொம்ப நல்லது. பெட்டியைத் திருப்பினால் பாட்டுப் பட்டியல் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், பார்கோடு இருக்கும். அதற்குப் பக்கத்திலோ, சிடி தட்டின் மேலேயோ எறும்பு சைஸில் மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிகிறதா? ஏ.ஏ.டி., ஏ.டி.டி., டி.டி.டி. - பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பல வருடம் சிடி கேட்டவர்கள்கூட இதை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பார்கள். ஆனால், உள்ளே இருக்கும் பாட்டு எந்த வழியாக நம் வீட்டுக்கு வந்தது என்று சொல்லும் ஜாதகம் அது. அந்த ஜாதகத்தில் இருக்கும் ‘டி’ என்ற ஒற்றை எழுத்துக்காக ஒரு காலத்தில் மக்கள் கூடுதல் காசு கொடுத்தார்கள். அதே ‘டி’ உள்ளே இருந்தது தெரிந்ததும், பின்னொரு காலத்தில் கோர்ட்டுக்கே போனார்கள்.

பாட்டு உருவாவதில் மூன்று கட்டங்கள் உண்டு. பாடுவதையும் வாசிப்பதையும் பிடித்து வைப்பது ரெக்கார்டிங். குரல், வயலின், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பிடித்ததை அளவு பார்த்துச் சேர்ப்பது மிக்ஸிங். சேர்த்து முடித்ததைத் தட்டில் அச்சடிக்கத் தோதாகக் கடைசியாகத் தயார் செய்வது மாஸ்டரிங். ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த டேப் மெஷின் பழைய அனலாகா, புதிய டிஜிட்டலா? அனலாக் என்றால் ஏ. டிஜிட்டல் என்றால் டி. சிடி என்பதே டிஜிட்டல் என்பதால் மூன்றாவது எழுத்து எப்போதும் டிதான். 1984-ல் அமெரிக்க ஸ்டூடியோக்காரர்களின் ஸ்பார்ஸ் என்ற சங்கம் கொண்டுவந்த முறை இது. சங்கத்தின் பெயராலேயே ‘ஸ்பார்ஸ் கோட்’ என்று அழைக்கப்பட்டது.

இதற்குத் தேவை ஏன் வந்தது? 1982 அக்டோபர் 1-ம் தேதி ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தபோது, முதல் வரிசையில் இருந்தது பில்லி ஜோயலின் ‘52ண்ட் ஸ்ட்ரீட்’. அந்த ஆல்பம் 1978-லேயே வந்துவிட்டது. அதாவது, தட்டு புத்தம் புதுசு, சரக்கு பழசு. காசைக் கொட்டி சிடி பிளேயர் வாங்கியவர்கள் காதில், பாட்டோடு சேர்ந்து பழைய டேப்பின் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தமும் துல்லியமாக விழுந்தது. ‘இது முதலில் அனலாக்கில் பதிவானது, அந்த டேப்பில் இருக்கும் குறைகளும் இதில் கேட்கக்கூடும்’ என்ற பொருளில் கம்பெனிகளே சிடி பெட்டியில் குறிப்பு அச்சடிக்க ஆரம்பித்தன. இதையே சுருக்கமாகச் சொல்ல வந்தவைதான் அந்த மூன்று எழுத்துகள்.

சொல்ல வந்தது தகவல். ஜனங்கள் எடுத்துக்கொண்டதோ மார்க்காக! டி.டி.டி. என்றால் முதல் வகுப்பு, ஏ.டி.டி. இரண்டாம் வகுப்பு, ஏ.ஏ.டி. பாஸ் மார்க் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்கேற்ற மாதிரி டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985-ல் டி.டி.டி. முத்திரையோடு வந்து, சிடியிலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பம் என்று பெயர் வாங்கியது. டிஜிட்டல் என்ற வார்த்தைக்கே அன்று தனி மவுசு.

இந்த மார்க் கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, ஜாஸ் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஆல்பம். 1959-ல் நியூயார்க்கில் மூன்று டிராக் டேப்பில் பதிவானது. அதற்கு டி.டி.டி. எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. சரி, அதில் நிஜமாகவே ஒரு கோளாறு இருந்ததே, அதையாவது இந்த எழுத்துகள் சொல்லினவா? முதல் நாள் பதிவில் ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது, தட்டின் முதல் பக்கம் முழுக்கக் கொஞ்சம் வேகமாகவும், சுருதி சற்றே ஏறியும் ஒலித்தது. தட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்கள் எத்தனை பேர், வாத்தியத்தின் மேல் சந்தேகப்பட்டார்களோ! அன்றைக்கே சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்து 1992-ல்தான் இதைத் திருத்தி வெளியிட்டார்கள். திருத்தியதற்கும் திருத்தாததற்கும் அந்த மூன்று எழுத்து வித்தியாசம் காட்டாது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. கோட் பார்ப்பது டேப் மெஷினை மட்டும்தான். இரண்டு டிஜிட்டல் மெஷின்களுக்கு நடுவே பழைய அனலாக் மிக்ஸிங் மேஜை இருந்தாலும் டி.டி.டி. என்றே போட்டுக்கொள்ளலாம். இப்படிக் குழப்பம் கூடிப்போகவே, 1991-ல் அந்தச் சங்கமே தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. 1995-ல் மறுபடி சேர்த்துக்கொண்டது. அதற்குள் ஸ்டூடியோக்களில் டிஜிட்டல் சர்வ சாதாரணமாகிவிட, பெட்டியைத் திருப்பி எழுத்துப் பார்க்கும் ஆசை ஜனங்களுக்கும் குறைந்துபோனது.

காட்சி மாறுகிறது. சிடியையே ஸ்ட்ரீமிங் விழுங்கிய பிறகு, யாரும் எதிர்பார்க்காமல் கறுப்பு எல்.பி. ரெக்கார்டு திரும்பி வந்தது. 1987-க்குப் பிறகு முதல்முறையாக 2022-ல் அமெரிக்காவில் சிடியைவிட எல்.பி. அதிக எண்ணிக்கையில் விற்றது. எல்.பி. வாங்கும் கூட்டத்துக்குப் பாட்டு மட்டும் போதாது. முதல் அச்சா, மறு அச்சா? மோனோவா, ஸ்டீரியோவா? ஒற்றை அட்டையா, புத்தகம்போல விரியும் அட்டையா? ஜப்பான் அச்சு என்றால், கிமோனோ இடுப்புப் பட்டி மாதிரி அட்டையைச் சுற்றி வரும் ‘ஓபி’ என்ற காகிதப் பட்டை இருக்கிறதா? அந்தப் பட்டை இல்லையென்றால் விலை இறங்கிவிடும். 90களின் தொடக்கம்வரை அமெரிக்கக் கடைகளில் சிடிக்கு ஓர் அடி உயரத்தில் ‘லாங்பாக்ஸ்’ என்ற அட்டைப்பெட்டி போடுவார்கள். எல்.பி. அலமாரியில் சிடியும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போன அந்த அட்டையையும் இன்று தேடுகிறார்கள்.

அட்டைக்காகவே வகை பிரிப்பதில் பீட்டில்ஸை மிஞ்ச ஆளில்லை. 1966-ல் அமெரிக்காவில் வந்த அவர்களின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ அட்டையில், நால்வரும் வெள்ளை அங்கி போட்டு, பச்சை இறைச்சியோடும் உடைந்த பொம்மைகளோடும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர்கள் முகம் சுளிக்கவே, கம்பெனி அட்டைகளைத் திருப்பி வாங்கி, பலவற்றின் மேல் வேறு படத்தை ஒட்டி மறுபடி விற்றது. விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் ஆவி காட்டி மேல் படத்தை உரிக்க ஆரம்பித்தார்கள். இப்போது இதில் மூன்று ஜாதி! ஒட்டாமலேயே தப்பியது முதல் நிலை, ஒட்டியது ஒட்டியபடி இருப்பது இரண்டாம் நிலை, உரித்தது மூன்றாம் நிலை. அதிலும் ஸ்டீரியோ பிரதி என்றால் விலை தனி.

அவர்களுடைய 1968 ஆல்பத்துக்கு வெறும் வெள்ளை அட்டைதான். ஆனால், ஒவ்வொன்றிலும் வரிசை எண் போட்டார்கள். 0000001 என்று அச்சான, ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. உள்ளே இருக்கும் பாட்டு, எல்லோரும் வைத்திருக்கும் அதே பாட்டுதான்!

இப்படி அட்டையில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை இருக்கும்போது, அந்த வார்த்தை உண்மையா என்ற கேள்வி வந்தே தீரும். வந்தது, 2022 ஜூலையில்.

மொபைல் ஃபிடெலிட்டி, சுருக்கமாக ‘மோஃபை’. அமெரிக்காவில் பழைய ஆல்பங்களை உயர்தரத்தில் மறு அச்சு போடும் கம்பெனி. அட்டையின் தலையில் ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்ற பட்டை இருக்கும். சில வெளியீடுகளை ‘ஒன்-ஸ்டெப்’ என்று இன்னும் கூடுதல் விலைக்கு விற்பார்கள். சாதாரணமாக எல்.பி.க்கு முதலில் வெட்டும் மூலத் தட்டிலிருந்து ஓர் உலோக அச்சு, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று எடுத்து அதை வைத்துத்தான் அச்சடிப்பார்கள். ஒன்-ஸ்டெப்பில் நடுவில் இருக்கும் இரண்டு படிகள் கிடையாது. நகலுக்கு நகல் எடுக்காததால் சத்தம் சுத்தமாக இருக்கும் என்பது கணக்கு. ஆனால், அந்த ஓர் அச்சு சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால் குறைந்த எண்ணிக்கையில்தான் அடிக்க முடியும்.

அப்படியிருக்க, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஒன்-ஸ்டெப்பில் 40,000 பிரதிகள் என்று அறிவித்தார்கள். ரசிகர்களுக்குப் பொறி தட்டியது. அத்தனை பிரதிகளுக்கு மூலத் தட்டைத் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். அதற்கு மாஸ்டர் டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். விலை மதிப்பில்லாத டேப்பை அப்படித் தேய்க்க எந்த உரிமையாளர் விடுவார்?

அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் ரெக்கார்டு கடை வைத்திருக்கும் ஒருவர் இதை வீடியோவில் போட்டு உடைத்தார். சில நாட்களிலேயே கலிஃபோர்னியாவில் உள்ள கம்பெனி ஸ்டூடியோவுக்குப் போய் என்ஜினீயர்களிடம் நேரிலேயே கேட்டார். அவர்களும் மழுப்பாமல் ஒப்புக்கொண்டார்கள். 2011-லிருந்தே பல வெளியீடுகளில், மாஸ்டர் டேப்பை ஒருமுறை டிஜிட்டல் கோப்பாகப் பதிந்துகொண்டு, அதிலிருந்துதான் தட்டு வெட்டியிருக்கிறார்கள். டேப்புக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ‘டி’ உட்கார்ந்திருக்கிறது!

முழுக்க முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்களுக்குத் தலையில் இடி. தெளிவில்லாத வார்த்தைகளைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டு கம்பெனி மன்னிப்புக் கேட்டது. வழக்குகள் பாய்ந்தன. கடைசியில் சுமார் 2.5 கோடி டாலர் மதிப்பில் சமரசம் ஆனது. தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம், அல்லது தட்டை வைத்துக்கொண்டு 5 சதவீதம் பணமாகவோ, 10 சதவீதம் கூப்பனாகவோ பெறலாம்.

இதில் பலரும் பேசத் தயங்கும் சங்கடம் ஒன்று உண்டு. அந்தப் பதினோரு வருடமும் இதே தட்டுகளைக் கேட்டு, ‘அனலாக்கின் உச்சம் இதுதான்’ என்று புகழ்ந்தவர்களில், டிஜிட்டலைக் கண்டாலே பிடிக்காத ‘பொன் காது’ ரசிகர்களும் இருந்தார்கள். காது கண்டுபிடிக்காததைக் கணக்குதான் கண்டுபிடித்தது. அப்படியானால், ஏமாந்தார்களா இல்லையா? சத்தத்தில் ஏமாறவில்லை என்று வாதிடலாம். ஆனால், நாட்டுச்சர்க்கரை என்று சொல்லி விற்றதில் வெள்ளைச் சர்க்கரை கலந்திருந்தால், பாயசம் நன்றாக இருந்தது என்பது பதில் ஆகாது. அவர்கள் காசு கொடுத்தது சத்தத்துக்கு மட்டுமல்ல, அட்டையில் இருந்த வார்த்தைக்கும் சேர்த்துத்தான்.

இப்போது மோஃபை தன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வந்த வழியை விவரமாகப் போடுகிறது. எந்த டேப், அதிலிருந்து எந்த டிஜிட்டல் வடிவம், அங்கிருந்து எந்த மேஜை வழியாகத் தட்டு வெட்டும் மெஷினுக்குப் போனது என்று வரிசையாக இருக்கிறது. 1984-ல் மூன்று எழுத்தில் சொல்ல முயன்றதை, நாற்பது வருடம் கழித்து ஒரு முழு வரியில் எழுதுகிறார்கள்.

சரி, நம் வீட்டுப் பரணுக்கு வருவோம். தாத்தா வைத்துவிட்டுப் போன ரெக்கார்டுகள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் மோனோ என்று இருந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 60களில் பல ஆல்பங்களுக்குக் கலைஞர்களே உட்கார்ந்து கேட்டு முடிவு செய்தது மோனோ மிக்ஸைத்தான். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, வட்டக் காகிதத்துக்கு முன்னால் பாட்டு இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், அதில் கீறியோ அச்சாகவோ இருக்கும் எண்கள் தெரியும். எந்த அச்சு என்று அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்த எண்கள்தான். அட்டை கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், டேப் போட்டும் ஒட்டாதீர்கள்.

தட்டு கனமாக இருந்து, 78 ஆர்.பி.எம். என்று போட்டிருந்தால், பக்கத்துக்கு ஒரு பாட்டு, மிஞ்சிப்போனால் மூன்று நான்கு நிமிடம்தான் ஓடும். அது பிளாஸ்டிக் இல்லை, பெரும்பாலும் அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தூசி போக வேண்டும் என்று ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரையும், அதோடு பாட்டும் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.