'நீங்க எந்த லெவல்?': ஷட்டில் முதல் பேடல் வரை, ஆட்டத் திறனை அளப்பது எப்படி?

இப்படி ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. ராத்திரி எட்டரை மணி, திருப்பூர் வீரபாண்டி பக்கம் ஓர் உள்ளரங்க ஷட்டில் கோர்ட். ஷிப்மென்ட் வேலையை முடித்துவிட்டு நேராக வந்த ஒருவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். டபுள்ஸுக்கு ஓர் ஆள் குறைகிறது. ஏற்கெனவே அங்கே இருப்பவர் கேட்கிறார்: "ஏனுங்ண்ணா, நீங்க எந்த லெவல்?"

பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "இன்டர்மீடியட்."

அடுத்த இருபது நிமிடத்தில் ஆட்டம் 21-6 என்று முடிகிறது. ஜெயித்தவர்களுக்கு சலிப்பு, தோற்றவருக்கு சங்கடம். கோர்ட்டுக்குக் கொடுத்த காசும் வீண். புதிதாக வந்தவர் இப்படி இரண்டு வாரம் அடி வாங்கினால், மூன்றாவது வாரம் வரமாட்டார். 'லெவல்' என்ற சின்னக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நிஜமான பிரச்சினை இதுதான். இந்த லெவலை உண்மையிலேயே அளக்க முடியுமா?

'இன்டர்மீடியட்' என்றால் என்ன?

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். "துணி கொஞ்சம் திக்கா இருக்குங்க" என்று சொன்னால் பையர் ஏற்றுக்கொள்வாரா? மாட்டார். 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வட்டம் வெட்டி, எடை போட்டு, கிராமை நூறால் பெருக்கி 'இத்தனை ஜிஎஸ்எம்' என்று சொல்ல வேண்டும். 'இன்டர்மீடியட்' என்பதும் 'கொஞ்சம் திக்' மாதிரிதான். சொல்பவருக்கு ஓர் அர்த்தம், கேட்பவருக்கு வேறோர் அர்த்தம்.

நம்மை நாமே எடை போடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. 1999-ல் டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தர்க்கம், இலக்கணம் போன்ற தேர்வுகளில் கடைசி கால்வாசியில் வந்தவர்கள், தாங்கள் சராசரிக்கு மேலே இருப்பதாக நினைத்திருந்தார்கள். இதை எப்படி விளக்குவது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால், சுயமதிப்பீட்டை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு ஆய்வே தேவையில்லை, நம்ம கோர்ட்டே போதும்.

பேடலில் ஏன் இது பெரிய விஷயம்?

1969-ல் மெக்சிகோவின் அகபுல்கோ நகரில் என்ரிக்கே கொர்குவேரா என்பவர் தன் வீட்டில் அமைத்த கோர்ட்டில் இருந்து வளர்ந்த விளையாட்டு பேடல். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும். பொதுவாக நான்கு பேர் ஆடுவது. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் இப்போது கோர்ட்கள் வந்துவிட்டன.

இதில் முன்பின் தெரியாத நான்கு பேர் ஆப் வழியாகச் சேர்ந்து ஆடுவது ரொம்ப சகஜம். ஒருத்தர் லெவல் தப்பினால் நான்கு பேர் ஆட்டமும் போச்சு. அதனால், ஸ்பெயினில் தொடங்கிய 'பிளேடோமிக்' போன்ற ஆப்கள் ஆளுக்கு ஓர் எண் கொடுக்கின்றன. அதில் 0 முதல் 7 வரை. முதலில் சில கேள்விகள் கேட்டு தோராயமாக ஓர் எண் தரும். பிறகு, ஆடும் ஆட்டங்களின் முடிவைப் பொறுத்து எண் மாறும். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சதவீதத்தில் காட்டும். பிக்கிள்பாலில் இதே வேலையைச் செய்வது 2 முதல் 8 வரை போகும் 'டூப்பர்' ரேட்டிங்.

ஷட்டில் நல்லா ஆடுறவர் பேடலிலும் அதே லெவலா? இல்லை. ஷட்டிலில் புள்ளி வாங்கித் தரும் வேகமான ஸ்மாஷ், பேடலில் பின் கண்ணாடியில் பட்டு எதிராளிக்கே வசதியாக எழும்பி வரும். லெவல் என்பது ஆளுக்கான சான்றிதழ் அல்ல, அந்த ஒரு விளையாட்டுக்கான கணிப்பு மட்டுமே.

கணக்கு எங்கிருந்து வந்தது?

செஸ்ஸிலிருந்து. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ உருவாக்கிய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலக அமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றன. செஸ் வகுப்புக்குப் போகும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த எண் நல்லா பழக்கம்.

கணக்கு இதுதான். 1500 ரேட்டிங் உள்ளவர் 1700 உள்ளவருடன் ஆடினால், அவரிடம் எதிர்பார்க்கப்படும் ஸ்கோர் சுமார் 0.24. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் சுமார் 24 புள்ளி. மீறி ஜெயித்துவிட்டால் ரேட்டிங் சுமார் 15 ஏறும். தோற்றால் சுமார் 5 மட்டுமே இறங்கும். (பெரியவர்களுக்கான வழக்கமான பெருக்கு எண் 20-ஐ வைத்துப் போட்ட கணக்கு இது.) எதிர்பார்த்தது நடந்தால் எண் கொஞ்சமாக மாறும், எதிர்பாராதது நடந்தால் நிறைய மாறும். கேள்வித்தாள் கேட்கும் 'உங்க பேக்ஹேண்ட் எப்படி?' இதில் கிடையாது. யாருடன் ஆடினீர்கள், முடிவு என்ன? அவ்வளவுதான்.

எங்கே தப்பாகும்?

ஒன்று, மூடிய குழு. ஒரே பத்துப் பேர் தங்களுக்குள்ளேயே ஆடினால், அந்தப் பத்துப் பேருக்குள் வரிசை சரியாக வரும். ஆனால், கோயம்புத்தூர் கிளப்பில் இருக்கும் அதே எண்ணுடன் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு சாய லாட்டும் தனக்குள் ஒரே ஷேடாகத்தான் இருக்கும். இரண்டு லாட்டையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இரண்டு, வேகமாக வளர்பவர்கள். குறைந்த ரேட்டிங்கில் நுழையும் ஒரு குழந்தை ஆறு மாதத்தில் அசுரத்தனமாகத் தேறிவிடும். எண் பின்தங்கியே இருக்கும். அந்தக் குழந்தையிடம் தோற்பவர்களின் ரேட்டிங் நியாயமில்லாமல் சரியும். இப்படிக் கீழ்மட்ட ரேட்டிங்குகள் தேய்ந்துபோனதால், 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் எண்ணை ஒரே நாளில் உயர்த்தியது. 1600-ல் இருந்தவர் 1760 ஆனார். கீழ் எல்லையும் 1000-ல் இருந்து 1400 ஆனது. ஐம்பது ஆண்டுக்கு மேல் பழகிய முறைக்கே ரிப்பேர் தேவைப்பட்டது என்றால், புது ஆப்களின் எண்ணைக் கல்வெட்டாக நினைக்கத் தேவையில்லை.

மூன்று, டபுள்ஸ். எப்போதும் ஒரே பார்ட்னருடன் ஆடினால், ஜெயித்தது யாரால் என்று கணக்குக்குத் தெரியாது. பார்ட்னரை மாற்றி மாற்றி ஆடினால்தான் தனித்தனியாகப் பிரிக்க முடியும்.

நான்கு, வேண்டுமென்றே குறைத்துச் சொல்வது. பரிசுக்காக, ஓப்பனில் ஆட வேண்டியவர் பிகினர் பிரிவில் இறங்குவது. இதைக் கணக்கு மட்டும் தடுக்காது. அமைப்பாளர்தான் பழைய முடிவுகளைப் பார்த்துப் பிரிவை மாற்ற வேண்டும்.

நம்ம கோர்ட்டில் என்ன செய்யலாம்?

ஆப் இல்லாமலேயே பாதி வேலை முடியும். வாட்ஸ்அப் குழுவில் யார் யாருடன் ஆடினார்கள், ஸ்கோர் என்ன என்று பதிவு செய்யுங்க. பார்ட்னரை வாராவாரம் மாற்றுங்க. மாதம் ஒருமுறையாவது வேறு கோர்ட் ஆட்களை அழைத்து ஆடுங்க. புதியவர் வந்தால் முதல் ஐந்து ஆட்டங்களை 'லெவல் பார்க்கும் ஆட்டம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. அதில் தோற்றால் அவருக்கு அவமானமாக இருக்காது.

அடுத்த முறை யாராவது "எந்த லெவலுங்க?" என்று கேட்டால், "வாரம் ரெண்டு நாள் ஆடுறேன், போன வாரம் உங்க டீம்ல இருக்குற அண்ணன்கிட்ட 21-15-ல தோத்தேன்" என்று சொல்லிப் பாருங்க. 'இன்டர்மீடியட்'டை விட அதில் தகவல் அதிகம். எதிரே யாரை நிறுத்தலாம் என்று அவருக்கே புரிந்துவிடும்.