லாகின் ஆகுது... ஆனா ஆகலை!

பாஸ்வேர்டு அடிக்கறீங்க. சரியாத்தான் அடிக்கறீங்க. ஸ்கிரீன் ஒரு செகண்ட் கறுப்பாகுது. 'ஆஹா, வந்துடுச்சு'ன்னு நிமிர்ந்து உட்கார்றதுக்குள்ள, மறுபடியும் அதே லாகின் பெட்டி. இன்னொரு தடவை அடிச்சா, இன்னொரு தடவை அதே கூத்து. பிராகாரத்தைச் சுத்திச் சுத்தி வர்றீங்க, சாமி தரிசனம் மட்டும் கிடைக்கலை. லினக்ஸ் உலகத்துல இதுக்குப் பேரே 'லாகின் லூப்'தான்!

2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. 'உன் லேப்டாப் விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை'ன்னு கைவிடப்பட்ட பழைய மெஷின்கள்ல உபுண்டு போட்டுக்கிட்டவங்க நம்ம செட்ல நிறைய பேர். புராஜெக்ட்டுக்காக லினக்ஸுக்கு வந்தவங்க தனி லிஸ்ட். எல்லோருக்கும் என்னைக்காவது ஒரு நாள் இந்த லூப்போ, அதோட அண்ணனான கறுப்பு ஸ்கிரீனோ வந்தே தீரும். அதுவும் கரெக்ட்டா ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரிதான் வரும்.

அப்போ ரூம்ல இருக்கற நாலு பேர்ல மூணு பேர் சொல்றது ஒரே வார்த்தை: "ஃபார்மட் பண்ணிடு மச்சி!"

பண்ணாதீங்க. இந்த வாரம் நான் சொல்ல வந்த மேட்டரே அதுதான். போனது டெஸ்க்டாப் மட்டும்தான். உங்க கோடு, ரிப்போர்ட், போட்டோ எல்லாம் பெரும்பாலும் பத்திரமா அப்படியேதான் இருக்கு. அதை அழிக்கப்போறது அந்தக் கோளாறு இல்லை... ஃபார்மட்!

மொட்டைமாடி போனா வீடு போயிடுமா?

லினக்ஸ்ங்கறது மாடி மாடியா கட்டின வீடு. கீழே அஸ்திவாரமா கெர்னல். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சுவெச்ச சமாசாரம். அதுக்கு மேலே கிராஃபிக்ஸ் டிரைவர். அதுக்கு மேலே, திரையில ஜன்னல் ஜன்னலா வரைஞ்சு காட்டற டிஸ்ப்ளே சர்வர். 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த 'எக்ஸ்' ரொம்ப காலம் இந்த வேலையைப் பார்த்தது. 2008-ல் ஆரம்பிச்ச 'வேலேண்ட்' இப்போ அந்த இடத்துக்கு வந்துக்கிட்டிருக்கு. அதுக்கும் மேலே, பாஸ்வேர்டு கேட்கற லாகின் ஸ்கிரீன். கடைசியா மொட்டைமாடியில உங்க செஷன்: அதாவது வால்பேப்பர், பேனல், ஐகான் எல்லாம் சேர்ந்த உங்க டெஸ்க்டாப்.

லாகின் லூப்ல என்ன நடக்குதுன்னா, பாஸ்வேர்டை மெஷின் ஒத்துக்கிச்சு. தப்பா இருந்திருந்தா 'தப்பு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கும். உங்க செஷன் பிறந்து, ரெண்டு செகண்ட் வாழ்ந்து, செத்துப்போச்சு. செஷன் முடிஞ்சா லாகின் ஸ்கிரீனுக்குத் திரும்பணும்ங்கறதுதான் விதி. அது விதிப்படி திரும்புது. உங்க கண்ணுக்கு மட்டும்தான் அது லூப்!

அதனால முதல் கேள்வி: லாகின் ஸ்கிரீன் வரைக்கும் வருதா? வந்தா, கீழ் மாடிகள் பெரும்பாலும் ஓகே, கோளாறு மொட்டைமாடியில. லாகின் ஸ்கிரீனே வராம கறுப்பாவே நின்னா, டிரைவர் பக்கம் சந்தேகப்படணும்.

பின்வாசல் இருக்கு பாஸ்!

கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் அமுக்கிக்கிட்டு எஃப்-3 தட்டுங்க. சில லேப்டாப்ல கூடவே எஃப்-என் கீயையும் அமுக்கணும். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல லாகின் கேட்கும். பேர் கொடுங்க, பாஸ்வேர்டு கொடுங்க. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு வேலை செய்யலையோன்னு டென்ஷன் ஆகாதீங்க, அது அப்படித்தான். உள்ளே போனதும் எல், எஸ் அடிச்சு என்டர் தட்டினா, உங்க ஃபைல், ஃபோல்டர் எல்லாம் வரிசையா நிக்கும். இப்போ ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. பாதி டென்ஷன் குறைஞ்சிருக்கும்.

இனி கமாண்டுகளை எழுத்து எழுத்தா சொல்றேன். தனியா சொல்லாத வரைக்கும் எல்லாமே ஸ்மால் லெட்டர். லினக்ஸுக்கு கேப்பிட்டல் வேற, ஸ்மால் வேற.

சந்தேகம் 1: இடம் காலி!

டி, எஃப், இடைவெளி, மைனஸ், ஹெச். டிஸ்க்ல எத்தனை சதவிகிதம் நிரம்பியிருக்குன்னு காட்டும். 100%ன்னு வந்தா ஆள் சிக்கிட்டார். செஷன் ஆரம்பிக்கும்போது சின்னச் சின்ன ஃபைல்கள் எழுதியாகணும். எழுத இடமில்லைன்னா அங்கேயே மூச்சு நின்னுடும்.

'இடமே இல்லைன்னா மெஷின் மட்டும் எப்படி பூட் ஆகுது?'ன்னு கேட்கலாம். உபுண்டு வழக்கமா பயன்படுத்தற இ.எக்ஸ்.டி-4 ஃபைல் சிஸ்டம், 5% இடத்தை 'ரூட்' என்ற அட்மினுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கும். ரயில்ல எமர்ஜென்சி கோட்டா மாதிரி. ரூட்டுக்கு சீட் இருக்கும், உங்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்!

எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜூனியருக்கு இதேதான் நடந்தது. மறுநாள் செகண்ட் ரிவ்யூ. மெஷின் லூப்ல சுத்துது. இன்ஸ்டால் பண்றதுக்கு பென் டிரைவ்வரைக்கும் ரெடி. டி.எஃப். அடிச்சுப் பார்த்தா 100%. என்.எஸ்-2-ல சிமுலேஷன் ஓடவிட்டுட்டு தூங்கப் போயிருக்கான். ட்ரேஸ் ஃபைல் ராத்திரி முழுக்க வளர்ந்து டிஸ்க்கையே விழுங்கிடுச்சு. அந்த ஒரு ஃபைலை அழிச்சதும் பாஸ்வேர்டு அடிச்ச முதல் தடவையே டெஸ்க்டாப் வந்தது. நாலு மாச கோடு தப்பிச்சது. பென் டிரைவ் பாவம், வெறுங்கையோட திரும்பிப்போச்சு.

அழிக்க ஃபைல் எதுவும் கைவசம் இல்லைன்னா, 'சூடோ', 'ஆப்ட்', 'க்ளீன்' மூணு வார்த்தையையும் இடைவெளி விட்டு அடிங்க. அப்டேட்டுக்காக டவுன்லோடு பண்ணிவெச்ச பழைய மூட்டைகளைத் தூக்கிப் போட்டுடும். மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சந்தேகம் 2: உங்க வீட்டுச் சாவி அடுத்தவர் கையில!

எக்ஸ் செஷன்ல உள்ளே போக ஒரு சாவி ஃபைல் உண்டு. உங்க ஹோம் ஃபோல்டர்ல, புள்ளியில ஆரம்பிச்சு, கேப்பிட்டல் எக்ஸ் போட்டு, 'அதாரிட்டி'ன்னு ஒட்டி எழுதின பேர். சூடோ போட்டு ஏதாவது கிராஃபிக்கல் புரோகிராமை ஓடவிட்டா, சில சமயம் இந்தச் சாவியோட ஓனரா ரூட் ஆகிடும். அப்புறம் உங்க வீட்டுக்குள்ள உங்களையே விடாது. எல், எஸ், இடைவெளி, மைனஸ், எல், ஏ அடிச்சா ஓனர் பேர் தெரியும். உங்க பேருக்குப் பதிலா ரூட்ன்னு இருந்தா, எம், வி கமாண்ட் போட்டு அந்த ஃபைலுக்கு வேற பேர் வெச்சிடுங்க. அடுத்த லாகின்ல புது சாவி தானா தயாராகிடும்.

சந்தேகம் 3: புராஜெக்ட்டுக்காக சேர்த்த அந்த ஒரு வரி!

நம்ம இன்ஜினீயரிங் மக்களோட ஸ்பெஷல் இது. ஜாவா, ஆண்ட்ராய்டு, என்.எஸ்-2ன்னு எதை இன்ஸ்டால் பண்ணினாலும், 'பாத்' செட் பண்ணணும்னு சொல்லி, புள்ளியோட ஆரம்பிக்கற 'ப்ரொஃபைல்' ஃபைல்ல ரெண்டு வரி சேர்க்கச் சொல்வாங்க. பழைய பாத்தோட புதுசைச் சேர்க்கறதுக்குப் பதிலா பழசையே அழிச்சுட்டா, மெஷினுக்கு அடிப்படை கமாண்டுகள் எங்கே இருக்குன்னே தெரியாது. செஷன் எப்படி எழுந்திருக்கும்?

இதுக்கு அடையாளம்: பின்வாசல் வழியா வந்து எல், எஸ் அடிச்சாலே 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'னு வரும். அப்போ எம், வி-க்கு முன்னால முழு முகவரி கொடுக்கணும்: ஸ்லாஷ், 'பின்', ஸ்லாஷ், அப்புறம் எம், வி. அதை வெச்சு ப்ரொஃபைல் ஃபைலோட பேரை மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. டெஸ்க்டாப் வந்ததும் பழைய ஃபைலைத் திறந்து அந்த வரியை நிதானமா சரி பண்ணிக்கலாம்.

மூணுமே இல்லைன்னா ஒரு சூப்பர் டெஸ்ட். சூடோ, இடைவெளி, 'ஆட்யூசர்'னு ஒட்டி ஒரு வார்த்தை, இடைவெளி, ஏதாவது ஒரு புதுப் பேர். இப்போ லாகின் ஸ்கிரீன்ல அந்தப் புது ஆளா நுழைஞ்சு பாருங்க. அவர் ஜம்முன்னு உள்ளே போனா, சிஸ்டம் நல்லா இருக்கு. உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கற ஏதோ ஒரு செட்டிங்தான் குற்றவாளி. டெஸ்க்டாப்பை அழகுபடுத்தப் போட்ட எக்ஸ்டென்ஷன்கள் மேல முதல்ல சந்தேகப்படுங்க. புது ஆளும் சுத்தினா, கோளாறு எல்லாருக்கும் பொது. கீழ் மாடிக்கு இறங்குங்க.

லாகின் ஸ்கிரீனே வரலையா?

என்விடியா கார்டு போட்ட லேப்டாப்காரங்க கவனிங்க. அப்டேட்ல புது கெர்னல் வரும்போது, அதுக்கு ஏத்த மாதிரி என்விடியா டிரைவரும் இருக்கணும். அது தயாராகலைன்னா டிரைவர் இல்லாம மெஷின் தடுமாறும். வழி ரொம்ப சிம்பிள். ஆன் பண்ணும்போது எஸ்கேப் கீயைத் தட்டுங்க. ரொம்பப் பழைய மெஷின்னா ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடிங்க. 'கிரப்' மெனு வரும். அதுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'க்குள்ள போனா, போன கெர்னலும் லிஸ்ட்ல இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்க. டெஸ்க்டாப் வந்தா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் 'அடிஷனல் டிரைவர்ஸ்'ல போய் டிரைவரை மறுபடி போட்டுக்கலாம்.

செக்யூர் பூட் ஆன்ல இருந்தா இன்னொரு சிக்கல். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத் திரையில ஒரு மெனு வரும். அங்கே 'என்ரோல்' கொடுத்து அந்தப் பாஸ்வேர்டை அடிக்கணும். வைரஸோன்னு பயந்து 'கன்டினியூ' தட்டிட்டா, அந்த டிரைவருக்கு அனுமதி கிடைக்காது.

அப்டேட் ஓடிக்கிட்டிருக்கும்போதே சார்ஜ் இறங்கி மெஷின் ஆஃப் ஆன கேஸும் உண்டு. பாதியில நின்ன வேலையை முடிக்க: சூடோ, இடைவெளி, டி, பி, கே, ஜி, இடைவெளி, ரெண்டு மைனஸ் ஒட்டி 'கான்ஃபிகர்', இடைவெளி, மைனஸ், ஏ. விட்ட இடத்துலேர்ந்து வேலையை முடிச்சுடும்.

டைரியைப் படிங்க!

இதுக்கெல்லாம் சிக்காத கேஸுக்கு மெஷின் டைரி எழுதுது. 'ஜர்னல்'ங்கற வார்த்தையோட சி, டி, எல் ஒட்டி அடிங்க. இடைவெளி, மைனஸ், பி (பஸ்ஸுக்கு வர்ற பி). இடைவெளி, மைனஸ், பி (பேனாவை இங்கிலீஷ்ல எழுதும்போது வர்ற பி). இடைவெளி, 3. இந்தத் தடவை பூட் ஆனதுலேர்ந்து நடந்த பெரிய தப்புகள் மட்டும் லிஸ்ட் வரும். கடைசி பத்து வரியை செல்போன்ல போட்டோ எடுங்க. அதுல எல்லாமே குற்றவாளி இல்லை. நல்லா ஓடற மெஷின்லகூட நாலு சிவப்பு வரி இருக்கும். லாகின் பண்ணின அந்த நிமிஷத்துல எந்த வரி விழுந்திருக்குன்னு டைம் பார்த்துத் தேடுங்க. 'லினக்ஸ் ஓடலை'ன்னு கேட்டா எந்த சீனியருக்கும் பதில் தெரியாது. 'இந்த வரி வருது'ன்னு கேட்டா, பத்து நிமிஷத்துல யாராவது பதில் சொல்வாங்க.

போறதுக்கு முன்னாடி நாலு டிப்ஸ்:

* ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம். பண்ணினதை பேப்பர்ல எழுதிவைங்க. அஞ்சு விஷயத்தை ஒண்ணா மாத்தினா, எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு பிரம்மாவுக்கே தெரியாது.

* அழிக்காதீங்க, பேரை மாத்துங்க. பேரை மாத்தினது திரும்பி வரும். அழிச்சது வராது.

* எதுவுமே கைகொடுக்கலைன்னா, உபுண்டு பென் டிரைவ்ல 'ட்ரை உபுண்டு' கொடுத்து உள்ளே போங்க. உங்க டிஸ்க்கைத் திறந்து, ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. காப்பி பண்ணினது திறக்குதான்னு பார்த்துட்டு, அப்புறமா ஃபார்மட் பத்தி யோசிங்க.

* ரிவ்யூவுக்கு முந்தின நாள் அப்டேட் கொடுக்கறது, எக்ஸாமுக்கு முந்தின நாள் புது செருப்பு போடற மாதிரி. வேண்டாமே!

அடுத்த தடவை பக்கத்து ரூம்லேர்ந்து "ஃபார்மட் பண்ணிடு மச்சி"ன்னு குரல் கேட்டா, ஓடிப்போய் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 தட்டுங்க. ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் காப்பாத்தின புண்ணியம் உங்களுக்கு. டீ செலவு அவங்களோடது!