சீனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் காப்பி

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் "ஒரு காப்பி" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சீனி போட்டே வரும். கிள்ளானில் ஒரு காப்பிக் கடையில் "கோப்பி" என்றால் டின் பாலும் சேர்ந்து வரும். சீனி வேண்டாம் என்பவர்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குக் "கோப்பி ஓ கோசோங்" என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. காப்பி என்றால் கசப்பு, அதை இனிக்கச் செய்வது சீனி என்று நாம் முடிவு கட்டி வெகுகாலம் ஆகிறது.

அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. காப்பிக்கு அதற்கே உரிய இனிப்பு உண்டு. செடி வளரும் இடமும், பறித்த பழத்தைப் பக்குவப்படுத்தும் முறையும் அதைக் கூட்டும் அல்லது குறைக்கும். நம் வட்டாரத்தில் விளையும் காப்பியிலும் அது இருக்கிறது. நாம்தான் அதைத் தேடிப் பார்க்காமலேயே சீனியைக் கொட்டி மூடிவிடுகிறோம்.

முதலில் பழத்தைப் பார்ப்போம். காப்பிக்கொட்டை என்பது ஒரு பழத்தின் விதை. வெளியே தோல், அதன் உள்ளே இனிப்பான சதை, அதற்கும் உள்ளே வழவழப்பான ஒரு பசை, பிறகு கெட்டியான உள்தோல், நடுவில் பொதுவாக இரண்டு விதைகள். வறுக்காத பச்சை விதையில் சுக்ரோஸ் இருக்கிறது. நம் வீட்டுச் சீனியும் அதே சுக்ரோஸ்தான். அராபிக்கா வகையின் எடையில் 6 முதல் 9 விழுக்காடு வரை சுக்ரோஸ் இருக்கும். ரொபஸ்டாவில் பொதுவாக இதைவிடக் குறைவு.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. கொட்டையை 200 பாகை செல்சியசுக்கு மேல் வறுக்கும்போது இந்தச் சுக்ரோஸில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. கடும் வறுவலில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. அப்படியானால் சீனி போடாத நல்ல காப்பியைக் குடிப்பவர்கள் "இனிக்கிறது" என்கிறார்களே, அது எப்படி?

விடை நம் மூக்கில் இருக்கிறது. சிதைந்த சர்க்கரை வீணாகப் போவதில்லை. அது புரதப் பொருள்களுடன் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப் பொருள்களாக மாறுகிறது. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளரின் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. ரொட்டி சிவக்கும்போது எழும் மணமும் இதே வினையால் வருவதுதான். அந்த மணப் பொருள்களில் ஒன்று ஃபியூரனியால். ஸ்ட்ராபெரியிலும் அன்னாசியிலும் உள்ள அதே பொருள். இந்த மணம் தொண்டை வழியாக மூக்கை எட்டும்போது, மூளை அதை இனிப்பு என்று படிக்கிறது. ஐயமிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் காப்பி குடியுங்கள், பிறகு மூக்கை விடுங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

ஆகவே விதையில் சர்க்கரை நிறையச் சேர்ந்திருந்தால், வறுக்கும்போது இனிய மணமும் நிறையக் கிடைக்கும். பழுக்காத காய், பூஞ்சணம், புளித்துப்போன வாடை ஆகியவை கலந்தால் அந்த இனிப்பு அடிபட்டுப்போகும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு இடத்துக்கு வருவோம்.

1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். எத்தியோப்பியா, கொலம்பியா மலைகளிலும் சேலத்துக்கு அருகே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டிலும் காப்பிப் பழம் மெதுவாகவே பழுக்கிறது. அதனால் விதை கெட்டிப்பட்டு, சர்க்கரையும் மணத்துக்கு மூலமான பொருள்களும் சேர நேரம் கிடைக்கிறது. தானாகக் கனிந்ததற்கும் தடியால் அடித்துக் கனிய வைத்ததற்கும் உள்ள வேறுபாடு போன்றதுதான் இதுவும்.

அடுத்தது பக்குவப்படுத்தும் முறை. முக்கியமான முறைகள் மூன்று. பழத்தின் சதையை நீக்கி, பசையை நொதிக்கவிட்டு, கழுவிக் காயவைப்பது ஒன்று. இதில் புளிப்பும் தெளிவும் மேலோங்கும். பழத்தை முழுதாக வாரக்கணக்கில் வெயிலில் காயவைப்பது இன்னொன்று. இதில் பழ மணமும் இனிப்பும் கூடுதலாகத் தெரியும். தோலை மட்டும் நீக்கிவிட்டு, பசையோடு காயவைப்பது மூன்றாவது. பசை தேன்போல் ஒட்டுவதால் இதற்குத் "தேன் முறை" என்று பெயர். தேனுக்கும் இதற்கும் வேறு தொடர்பு கிடையாது.

முழுப்பழமாகக் காயும்போது சதையின் சர்க்கரை விதைக்குள் ஊறிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். பறித்த பிறகும் விதை உயிரோடுதான் இருக்கிறது. நாளை காப்பியாகப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது, முளைக்கத்தான் முயல்கிறது. கழுவும் முறையில் நீருக்குள் காற்றுக் குறைவாக இருக்கும்போது, அது தன் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் செலவழித்து உயிர் வாழ்கிறது. அதனால் கழுவிய கொட்டையில் இவை இரண்டும் குறைவாகவும், முழுப்பழமாகக் காய்ந்த கொட்டையில் கூடுதலாகவும் இருக்கின்றன. சுக்ரோஸின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை. நீங்கள் உயிரியலில் படிக்கும் சுவாசமும் முளைத்தலும் ஒரு குவளைக் காப்பியின் சுவையில் கைவைக்கின்றன என்றால் வியப்பாக இல்லையா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிலாங்கூரில் ரப்பருக்கு முன்பே காப்பி இருந்தது. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அது பரவித் தோட்டங்களை அழித்தபின், அங்கிருந்த தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். கிள்ளான் தாழ்நிலத்தின் வெப்பத்தைத் தாங்கும் லைபீரிக்கா வகையை நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் மக்கள் வந்தார்கள். 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. ரப்பர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. என்றாலும் லைபீரிக்கா முழுதாக மறையவில்லை. இன்றும் ஜொகூரிலும், சிலாங்கூரில் பந்திங் வட்டாரத்திலும் விளைகிறது.

கிள்ளான் வட்டாரம் கடல் மட்டத்தை ஒட்டிய நிலம். மலைக்காற்று நமக்கு இல்லை. ஆனால் லைபீரிக்கா மலையை எதிர்பார்க்கும் செடியும் அல்ல. அதன் பழம் பெரியது, சதை தடித்தது, பசை இனிப்பானது. நன்றாகப் பக்குவப்படுத்திய லைபீரிக்காவில் பலாப்பழ வாசனை வீசும். நம் சிக்கல் காயவைப்பதில் இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இடத்தில், தடித்த பழத்தின் ஈரத்தை 11 அல்லது 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது எளிதன்று. தாமதமானால் பூஞ்சணமும் காடி வாடையும் வந்துவிடும். கூரையிட்ட உலர்த்தும் கொட்டகை, காற்றுப் புகும் உயரமான வலைத்தட்டு, அடிக்கடி கிளறிவிடும் கை, பழுத்ததை மட்டும் பறிக்கும் பொறுமை ஆகியவை இதற்குத் தேவை. ஈரமே எப்போதும் பகை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவின் மேற்குக் கரையில், காய்ந்த கொட்டையை வேண்டுமென்றே பருவமழைக் காற்றில் வைத்துப் புளிப்பை இறக்கி "மான்சூன்ட் மலபார்" என்று விற்கிறார்கள். ஈரத்தைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு அதுவே சரக்கு.

நாம் இந்தத் தொல்லையை எல்லாம் குறுக்கு வழியில் கடந்துவிட்டோம். இங்கே பல காப்பிகள் சீனியும் மார்ஜரினும் சேர்த்தே வறுக்கப்படுகின்றன. நம்பாவிட்டால், கடையில் கறுப்புக் காப்பித்தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். சூட்டில் கருகும் சீனி கொட்டையைக் கறுப்பாக மூடி, குறைகளை மறைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கருகிய சீனி கசக்கும். அந்தக் கசப்பைப் போக்க மறுபடியும் சீனி, அதன்மேல் டின் பால். மூன்று அடுக்குக்குக் கீழே எது நல்ல கொட்டை, எது கெட்ட கொட்டை என்று யாருக்குத் தெரியும்? தெரியாதபோது, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்த விவசாயிக்கு எவர் கூடுதல் விலை தருவார்?

இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இதற்குக் காப்பியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆனால் நாள்தோறும் நம்மை அறியாமலேயே உள்ளே போகும் சீனியில் அதற்கும் பங்கு உண்டு.

"இது நம் பாரம்பரியச் சுவை, இதிலும் கைவைக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சீனி வறுவலில் ஒரு கைத்திறன் இருக்கிறது. அது ஒழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கொட்டைக்கு அது ஒன்றே வழி என்று இருப்பதுதான் குறை. "சிறப்புத் தரக் காப்பி பணக்காரர்களின் பானம்" என்பது இன்னொரு மறுப்பு. 100-க்கு 80 புள்ளியும் அதற்கு மேலும் பெறும் காப்பிதான் அந்தப் பெயரைப் பெறுகிறது. அதன் விலை மாணவர்களின் கைச்செலவுக்கு எட்டாது என்பதும் உண்மை. அதை வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

செலவில்லாத ஒன்றைத்தான் கேட்கிறேன். அடுத்த முறை வீட்டில் காப்பி கலக்கும்போது, சீனி போடுவதற்கு முன் ஒரு மிடறு சுவைத்துப் பாருங்கள். கசப்பு மட்டும்தானா, அதற்குப் பின்னால் வேறு எதுவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பொட்டலத்தில் விளைந்த ஊரும் காப்பி வகையும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். டுரியான் வாங்கும்போது எந்த ஊர், எந்த இனம் என்று கேட்காமல் நம்மில் யாராவது காசு கொடுக்கிறோமா? காப்பிக்கும் அதே கேள்வியைக் கேட்பவர்கள் பெருகினால், பந்திங்கில் பழுத்ததாகப் பார்த்துப் பறிக்கும் கைக்கு ஒரு நாள் உரிய விலை கிடைக்கும்.