பர்ஸ் போனது பஸ்ஸுக்குள்ளேயா, பஸ் ஸ்டாண்டிலேயா? அதை வைத்தே வழக்கு மாறும்... 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் சட்டம் சொல்வது என்ன?

2024 செப்டம்பர் 27. கேரளாவின் திருச்சூரில் 3 ஏடிஎம்களை உடைத்துப் பணத்தை அள்ளிய கும்பல், காரை கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றி மறைத்துக்கொண்டு நாமக்கல் மாவட்டம் வழியாகத் தப்பப் பார்த்தது. குமாரபாளையம் பக்கம் போலீஸ் துரத்தல், துப்பாக்கிச் சூடு, கும்பலில் ஒருவர் பலி, மற்றவர்கள் கைது. அன்றைக்கு முழுக்க எல்லா சேனலிலும் அதுதான் ஓடியது.

அந்த மாதிரி திருட்டுக்கு கேமரா வரும், உயர் அதிகாரிகள் வருவாங்க. சரி, சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறுற நெரிசல்ல, 4,000 ரூபாயோட ஒருத்தர் பர்ஸ் போயிடுச்சுனா?

"எங்கேயாவது விழுந்திருக்கும், நல்லா தேடிப் பாருங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். அதையும் தாண்டி ஸ்டேஷன் வரைக்கும் போனால், அங்கே அவர் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வழக்கு முற்றிலும் வேறு வேறு பாதையில் போகும். புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த வித்தியாசம் பெரிதாகிவிட்டது. ஆனால் இது பற்றி நம்ம ஊர்ல பேச்சே இல்லை.

5,000 ரூபாய் கோடு

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் 379. பத்து ரூபாய் திருடினாலும் பத்தாயிரம் திருடினாலும் அதே பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பிஎன்எஸ்ஸில், திருட்டுக்கு 303(2). இதிலும் 3 ஆண்டு வரை சிறைதான். ஆனால் புதிதாக ஒரு விலக்கு இருக்கிறது. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, திருடியவர் முதல் முறை தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சிறை கிடையாது. சமூக சேவைதான் தண்டனை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. பசிக்கு ரொட்டி எடுத்தவனையும் ஏடிஎம் உடைத்தவனையும் ஒரே ஜெயிலில் போடக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் குற்றத்தில் போலீஸ் தானாகவே எஃப்ஐஆர் போட்டு விசாரிக்கலாம், எதில் கூடாது என்று சொல்லும் அட்டவணை, பிஎன்எஸ்எஸ் என்ற நடைமுறைச் சட்டத்தின் கடைசியில் இருக்கும். அதில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு 'நான்-காக்னிசபிள்' என்று போடப்பட்டிருக்கிறது. நேரடியாகச் சொன்னால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை நடத்த முடியாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. புகாரைக் குறித்துக்கொண்டு, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லலாம்.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி. திருடியவன் முதல் தடவை திருடினானா, பத்தாவது தடவையா என்பது ஆளைப் பிடித்தால்தானே தெரியும்? ஆளையே பிடிக்காத நிலையில், தொகையை மட்டும் வைத்து விசாரணைக்குப் பூட்டு போட்டால், முதல் தடவைக்காரனுக்குக் கொடுத்த சலுகை தொழில்முறை பிக்பாக்கெட்டுக்கும் போய்ச் சேருது.

5,000 ரூபாய் யாருக்குச் சின்னத் தொகை?

தமிழ்நாட்டில் 2025-26-க்கு நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். 5,000 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 15 நாள் கூலி. மகளிர் உரிமைத் தொகை கணக்கில் பார்த்தால் 5 மாதப் பணம். ராசிபுரத்திலிருந்து காலையில் சேலத்துக்கு வேலைக்கு வரும் ஒருவரின் சம்பளக் கவர் 4,800 ரூபாயோடு போனால், சட்டத்தின் கண்ணில் அது சிறு திருட்டு. அவர் வீட்டில் அது அந்த மாத வாடகை.

நகைக்கு இந்தப் பிரச்னை இல்லை. 2025-ல் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டதால், அரை கிராம் மூக்குத்தி போனாலே கோட்டுக்கு மேல்தான். இடிக்கிறது பணத்திலும் செல்போனிலும்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி 12,000 ரூபாய்க்கு வாங்கின போனுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? அதை எப்படிக் கணக்கிடணும் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. பில் கையில் இருந்தால் உங்க பக்கம் வாதம் பலமாக இருக்கும், அவ்வளவுதான்.

பஸ்ஸுக்குள் நடந்தால் கதையே வேறு

பிஎன்எஸ் 305 என்று ஒரு பிரிவு. பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வாகனத்திலிருந்து எந்தப் பொருளைத் திருடினாலும் 7 ஆண்டு வரை சிறை, அபராதம். பழைய சட்டத்தில் வீடு, கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு இருந்த கடுமை இப்போது வாகனத்துக்கும் வந்திருக்கிறது. இதில் 5,000 ரூபாய் விலக்கு இல்லை. இது 'காக்னிசபிள்'. போலீஸ் எஃப்ஐஆர் போட்டே ஆகணும்.

அதாவது அதே 4,000 ரூபாய் பர்ஸ், பிளாட்பாரத்தில் நிற்கும்போது போனால் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கணும். படிக்கட்டு ஏறி பஸ்ஸுக்குள் போன பிறகு போனால், சட்ட வாசகப்படி 7 ஆண்டு தண்டனைக்குரிய குற்றம். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. ரோட்டோரம் நிறுத்தி டிரைவர் கண் அசரும் நேரத்தில் தார்ப்பாயைக் கிழித்து ஒரு பெட்டியை இறக்கினாலும் இதே 305தான்.

ஆகவே பஸ் டிக்கெட்டைக் கசக்கித் தூக்கிப் போடாதீங்க. மகளிருக்குக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டாக இருந்தாலும் சரி. நீங்க அந்த பஸ்ஸில் இருந்தீங்க என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். பர்ஸ் காணோம் என்று தெரிந்த உடனே சத்தமாகக் கண்டக்டரிடம் சொல்லிடணும். யாரையும் இறக்காமல் வண்டியை நேராக ஸ்டேஷனுக்கு விடுவது நம்ம ஊர்ல பழைய வழக்கம். கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் தனியா தேடிக்கிட்டு இருந்தால், எடுத்தவர் அந்த ஸ்டாப்பிலேயே இறங்கிடுவார்.

எந்த ஸ்டேஷன் என்பது அடுத்த தலைவலி. சேலத்தில் ஏறும் இடம் மாநகர போலீஸ் எல்லை. மல்லூர் வந்தால் சேலம் மாவட்ட போலீஸ். ராசிபுரம் வந்தால் நாமக்கல் மாவட்டம். முதலைப்பட்டி புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையைத் திறக்கும்போதுதான் தெரிகிறது என்றால் எங்கே போவது? எங்கே வேண்டுமானாலும் போகலாம். பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யணும் என்கிறது. 'ஜீரோ எஃப்ஐஆர்' என்பது இதுதான். பதிவு செய்துவிட்டு சரியான ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவங்க வேலை. "இது எங்க லிமிட் இல்லை" என்பது இனி பதில் கிடையாது. ஆனால் இதுவும் காக்னிசபிள் குற்றத்துக்குத்தான். மறுபடியும் பஸ்ஸா, பஸ் ஸ்டாண்டா என்ற இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

ரயிலுக்கும் 305 பொருந்தும். சேலம் ஜங்ஷன் வழியா ராத்திரி போகிறவங்க 139-ஐ போனில் சேமித்து வைக்கலாம். ரயில்வே போலீஸ் உதவி எண் 1512.

"ஒருத்தன் இல்லை சார், மூணு பேர்"

பிக்பாக்கெட் பெரும்பாலும் தனி ஆள் வேலை இல்லை. ஒருத்தர் முன்னாடி ஏறி படிக்கட்டிலேயே நின்று வழியை அடைப்பார். இன்னொருத்தர் பின்னாடி இருந்து தள்ளுவார். எடுக்கிற கை மூன்றாவது ஆளுடையது. எடுத்த பொருள் அடுத்த நொடி நாலாவது கைக்கு மாறியிருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெருக்குவது, பேங்க் வாசலில் பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டு "அண்ணா, உங்க பணமா பாருங்க" என்பது எல்லாம் ரொம்பப் பழசு. இருந்தும் இன்றைக்கும் பலிக்குது.

இது வழக்கிலும் முக்கியம். பிஎன்எஸ் 112 சிறு அளவிலான திட்டமிட்ட குற்றம் பற்றிப் பேசுகிறது. கும்பலைச் சேர்ந்தவர் செய்யும் திருட்டு, அதில் பிக்பாக்கெட் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. இங்கேயும் 5,000 ரூபாய் கோடு இல்லை. கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் அது 304, அதாவது பறிப்பு. பழைய சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே கிடையாது. இப்போது 3 ஆண்டு வரை சிறை. கழுத்தில் காயம் படும் அளவுக்கு இழுத்தால் கொள்ளைப் பிரிவும் வரலாம்.

அதனால் "என் பர்ஸ் காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தரவும்" என்று ஒரு வரியில் மனு எழுதாதீங்க. காணாமல் போனது என்று எழுதினால் அது திருட்டுப் புகாரே இல்லை. பஸ் எண், ஏறிய இடம், நேரம், பஸ்ஸுக்குள்தான் எடுக்கப்பட்டதா, பக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்து நெருக்கினார்கள், பர்ஸில் என்னென்ன இருந்தது, மதிப்பு எவ்வளவு என்று எல்லாம் இருக்கணும். நடக்காததைச் சேர்க்கச் சொல்லவில்லை, பொய்ப் புகாரும் குற்றம்தான். நடந்ததை விடாமல் எழுதுங்க என்றுதான் சொல்கிறோம்.

தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் முதலில் கையில் கிடைப்பது சிஎஸ்ஆர் ரசீது. அது புகார் கொடுத்ததற்கான சான்று மட்டும்தான், எஃப்ஐஆர் இல்லை. காக்னிசபிள் குற்றம் என்றால் எஃப்ஐஆர் கட்டாயம் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள வழக்குகளில் மட்டும், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பஸ் ஸ்டாண்ட் சிசிடிவியில் பழைய பதிவு மேல் புதுசு ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த 14 நாள் சின்ன விஷயம் இல்லை. பதிவை எடுத்து வைக்கும்படி மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

செல்போன் என்றால் சிஎஸ்ஆரும் உதவும். 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் புகார் நகல், ஐஎம்இஐ எண், போன் பில் கொடுத்தால் அந்த போன் நாடு முழுக்க முடக்கப்படும். ஓடிபி வர வேண்டும் என்பதால் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் முதலில் வாங்கணும். ஐஎம்இஐ எண்ணை *#06# அழுத்தி இப்பவே பார்த்து வீட்டில் எழுதி வைங்க, போன் போன பிறகு அழுத்த முடியாது. யுபிஐ இருக்கும் போன் என்றால் முதல் அழைப்பு பேங்குக்கு, பணம் ஏற்கெனவே போயிருந்தால் அடுத்தது 1930.

சந்தேகப்பட்டவரைப் பிடித்தால்?

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டம், தீபாவளி நேரத்தில் முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதி. இந்த நெரிசலில் "திருடன்" என்று ஒரு குரல் வந்தால் போதும், நாலு கை ஓங்கிவிடும். அந்தப் பார்வை முதலில் யார் மேல் விழுது என்பதும் நமக்குத் தெரியும். பாசிமணி விற்கும் பெண், அழுக்குச் சட்டைப் பையன், வடமாநிலத் தொழிலாளி. இஸ்திரி போட்ட சட்டையில் தோளில் துண்டைத் தொங்கவிட்டு நிற்பவர் மேல் விழாது. பிக்பாக்கெட் ஆட்களுக்கும் இது நல்லாவே தெரியும்.

சட்டம் பொதுமக்களுக்கு ஓர் அதிகாரம் கொடுக்கிறது. கண் எதிரே நடந்த, ஜாமீனில் விட முடியாத காக்னிசபிள் குற்றம் என்றால், செய்தவரை நாமே பிடிக்கலாம். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்கணும். கட்டி வைத்து அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

போலீஸுக்கும் இல்லை. சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் காரில் வைத்த நகையைக் காணோம் என்று ஒரு பக்தர் கொடுத்த புகாரில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி 2025 ஜூன் 28 அன்று இறந்தார். போலீஸ்காரர்கள் கைதாகி, வழக்கு சிபிஐக்குப் போனது. எஃப்ஐஆர் போடாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. எஃப்ஐஆர் கேட்பது பறிகொடுத்தவருக்காக மட்டும் இல்லை. யார் மேல், எந்தப் பிரிவில், எந்தத் தேதியில் விசாரணை தொடங்கியது என்பது எழுத்தில் இருந்தால்தான், சந்தேகத்தில் பிடிபட்டவர் உயிரோடு கோர்ட்டுக்கு வருவார்.

ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போட மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். சேலம் மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடணும். எஃப்ஐஆர் நகல் இலவசம்; "ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்று சொன்னாலும் காசு கொடுக்க வேண்டியதில்லை.