முடியைப் பார்த்தார்கள்... விரலைப் பார்க்கவில்லை!

80-களின் 'ஹேர் மெட்டல்' குழுக்கள் என்றாலே தோளில் புரளும் தலைமுடிதான் ஞாபகத்துக்கு வரும். நியூயார்க்கின் 'ஒயிட் லயன்' குழுவுக்கும் அதே கதிதான். கிட்டாரிஸ்ட் விட்டோ பிராட்டாவின் விரல்களைக் கவனித்தவர்கள் குறைவு.

1987-ல் வந்த 'ப்ரைட்' ஆல்பத்தில் 'வெயிட்' பாட்டின் சோலோவைக் கேளுங்கள். இரண்டு கை விரல்களாலும் தந்திகளைத் தட்டித் தட்டி வாசிக்கிறார். அவ்வளவு வேகத்திலும் அதை முணுமுணுக்க முடிகிறது! எட்டி வான் ஹேலனின் நகல் என்று சிலர் ஒதுக்கியது அநியாயம். அதே ஆல்பத்தின் 'வென் த சில்ட்ரன் க்ரை', அக்கூஸ்டிக் கிட்டாரை நம்பியே பில்போர்டில் 3-ம் இடம் பிடித்தது.

1991-ல் குழு கலைந்தது. விட்டோ, உடல்நலமில்லாத அப்பாவைக் கவனிக்க வீட்டோடு இருந்துவிட்டார். 1997-ல் மணிக்கட்டில் காயம். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதே சிரமமானது. 2007-ல் ரேடியோ பேட்டியில் இதையெல்லாம் அவரே சொன்னார். அதுவரை ரசிகர்கள் காத்திருந்தார்கள்.