நோய் பார்க்கவும் கூலி உண்டு!

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடக்கும். சீறிப் பாயும் காரைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தபோதுகூட அந்த பெட்ரோல் காரில் டர்போ கிடையாது. டர்போ வைத்த அண்ணன், லான்சர் எவல்யூஷன், ஜப்பானில் இருந்தார்! அதே திருவள்ளூரிலிருந்து 2022-ல் சிட்ரோயன் சி3, டர்போ பெட்ரோல் எஞ்சினோடு வெளியே வந்தது.

கார் மாறிவிட்டது. பட்டறைப் பேச்சு மட்டும் மாறவில்லை.

சிக்னலில் எஞ்சின் நடுங்குகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'பொசுக்'கென்று அணைகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற டிரெய்லர்களுக்கு நடுவே இப்படி ஆனால் என்ன கதி? ஸ்டீயரிங் கனத்துப்போகும். பிரேக், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். இது உயிர் விஷயம்.

பட்டறையில் ஸ்கேனரைச் சொருகுகிறார்கள். "பி0171 காட்டுது சார். சென்ஸார் அவுட்டு. மாத்திடலாம்!"

அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏன் என்று அது சொல்லவில்லை. ஜுரம் நூற்றிரண்டு என்று காட்டும் தெர்மாமீட்டரையே மாற்றுகிற வைத்தியம் இது. உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக ஆக்சிஜன் சென்ஸாருக்குத் தூக்கு!

முதலில் கேள்வி கேட்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினா, சூடான எஞ்சினா? சும்மா நிற்கும்போது மட்டும் கலவை மெலிந்து, ஆர்.பி.எம். ஏறினால் சரியாகிறதா? அப்படியானால் எங்கேயோ ஹோஸ் விரிசல். கள்ளக் காற்று நுழைகிறது. உள்ளே புகையை விட்டுப் பார்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் கசியும். காலை எடுத்ததும்தான் அணைகிறதா? 'புஸ்ஸ்' சத்தத்துக்கு ஆசைப்பட்டு, காற்றை வெளியே துப்பும் வால்வு மாட்டியிருக்கிறீர்களா? ஏர்ஃப்ளோ சென்ஸார் ஏற்கெனவே கணக்கு வைத்த காற்றை அது வெளியே விட்டுவிடும். கம்ப்யூட்டரோ அந்தக் காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் ஊற்றும். எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். இதற்கு எந்த சென்ஸாரை மாற்றி என்ன பிரயோஜனம்?

பட்டறைக்காரரை மட்டும் திட்டிப் பலனில்லை. இரண்டு மணி நேரம் தேடி, பத்து நிமிஷத்தில் ஒரு கிளிப்பை முடுக்கிக் கொடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒரு கிளிப்புக்கா இவ்வளவு?" தேடியதற்குக் கூலி கிடையாது, பார்ட்ஸுக்கு மட்டும் காசு என்றால் அவர் எதை விற்பார்? இது சாதாரண கடைக் கணக்கு.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில் நின்றால் முதலாளி உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டா இருப்பார்? காரணம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் நேரத்துக்குப் பணம் கொடுப்பார். அதுதான் மலிவு என்று அவருக்குத் தெரியும்.

"தேடுறேன்னு சொல்லி ஏமாத்தினா?" நியாயமான கேள்வி. என்ன சோதித்தார், என்ன அளவு வந்தது, சரி செய்த பிறகு என்ன வந்தது என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். பில்லில் 'பழுது கண்டறிந்ததற்கு' என்று ஒரு வரி இருந்தால், பேரம் பேசாமல் கொடுங்கள்.

அந்த ஒரு வரிக்குத் தராத காசைத்தான் நல்ல சென்ஸார்களைக் குப்பையில் போடுவதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.